இழுக்க இழுக்க இறுகும் விரல்

இத்திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறோம். கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பங்குத் திருவிழாவையொட்டி நடந்த கைப்பந்துப் போட்டியில் அவருடைய 19 வயது மகன் நிலைதடுமாறி விழுந்து, வலக்கையைத் தரையில் ஊன்றினான். சுட்டுவிரல் அடிமூட்டில் பிசகிவிட்டது. உடனிருந்தவர்களில் ஒருவர் மணிக்கட்டைப் பற்றிக்கொள்ள, மற்றொருவர் விரலைப் பிடித்துப் பலமாக இழுத்தார். விரல் ஏறக்குறைய நேராகிவிட்டதுபோல் தோன்றவே, துணியைச் சுற்றி வீட்டிற்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வீக்கம் மிகுந்தது. அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று கூறி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு எண்ணெய் போட்டு நீவியும் பார்த்தாயிற்று. மூன்று வாரம் கழிந்தும் விரல் மடங்கவில்லை. உள்ளங்கையில் ஓரிடத்தில் தோல் உட்குழிந்திருப்பதாகவும், அதனருகே கல்போல் ஏதோ தட்டுப்படுவதாகவும் அந்தத் தாய் எழுதுகிறார். தந்தையோடு கடலுக்குப் போய் வலை இழுக்கவேண்டிய பிள்ளை இந்தக் கையோடு என்ன செய்வான், காலம் கடந்துவிட்டதா என்பதே அவருடைய கேள்வி.

அந்த அம்மையாருக்குத் தனிமடல் எழுதிவிட்டோம். கடிதத்தை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்தல் ஆகாது. எனினும் அவர் குறிப்பிடும் அடையாளங்கள், சிறப்பாக உள்ளங்கைத் தோலில் விழுந்த அந்தக் குழி, மூட்டு இன்னும் தன் இடத்திற்குத் திரும்பவில்லை என்பதையே காட்டுகின்றன. காலம் அடியோடு கடந்துவிடவில்லை. ஆனால் இனி ஒரு நாளையும் வீணாக்கலாகாது. கை அறுவை மருத்துவம் பயின்றவர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்லவேண்டும். அங்கே மூட்டைத் திறந்து சீர்செய்ய வேண்டியிருக்கும். முதல் நாளிலேயே செய்திருந்தால் கிடைத்திருக்கும் அளவு முழுமையான அசைவு இனிக் கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. ஆயினும் வலையைப் பற்றும் அளவுக்குக் கையை மீட்க முயல்வது தகும்.

இதனைப் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. விரல் பிசகினால் இழுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. பத்துக்கு எட்டு, ஒன்பது முறை அவ்வாறு இழுத்ததும் சரியாகிவிடுவதால் அந்த எண்ணம் மேலும் உறுதிப்படுகிறது. எஞ்சிய அந்த ஒன்றிரண்டே இம்மடலின் பொருள். அரிதாக நேரும் சில மூட்டு விலகல்கள் கையில் உள்ளன. அவற்றை அடிக்கடி நேர்பவற்றைப் போலவே எண்ணி மருத்துவம் செய்தால், மருத்துவமே கேடாக முடியும்.

நற்செய்தியில் ஓய்வுநாளன்று ஆண்டவர் இயேசு குணமாக்கிய சூம்பிய கையரை நாம் அறிவோம். அந்நிகழ்ச்சியை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் கூறுகின்றனர். ஆனால் அது வலக்கை என்று குறிப்பவர் லூக்கா ஒருவரே. மருத்துவர் என்று மரபு போற்றும் அவருக்கு, ஓர் உழைப்பாளிக்கு எந்தக் கை போயிற்று என்பது கேட்டறியவேண்டிய செய்தியாகத் தோன்றியிருக்கிறது. கை மருத்துவர்கள் இன்றும் முதலில் கேட்கும் கேள்விகள் இவைதாம்: எந்தக் கை? என்ன தொழில்?

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் கூழாங்கற்களைப்போல் இரு வரிசையாக அமைந்தவை 8. உள்ளங்கையில் நீண்டு கிடப்பவை 5. விரல்களில் 14. ஒவ்வொரு விரலும் உள்ளங்கை எலும்போடு சேரும் இடத்தை, அதாவது கையை முஷ்டியாக மடக்கும்போது புடைத்து நிற்கும் மொளியை, அடிமூட்டு என்று அழைப்போம். அதற்கு மேலுள்ளது நடுக்கணு, நகத்தை அடுத்தது நுனிக்கணு. கட்டைவிரலுக்கு மட்டும் நடுக்கணு கிடையாது. ஒவ்வொரு கணுவின் இரு பக்கங்களிலும் உறுதியான நார்கள் காவலாக நிற்கின்றன. உள்ளங்கைப் பக்கத்தில் அகலமான, கெட்டியான ஒரு நார்த்தகடு உள்ளது. விரல் பின்புறமாக வளைந்துவிடாமல் தடுப்பது அதுவே. இந்தத் தகட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; இளைஞனின் துன்பத்திற்குக் காரணமாயிருப்பது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

பந்து தாக்குவதால் அடிக்கடி விலகுவது நடுக்கணு. அதுவும் மேல் எலும்பு புறங்கைப் பக்கமாக ஏறிக்கொள்ளும் வகையே மிகுதி. ஊர்ப் பெரியவர்கள் இழுத்துச் சரிசெய்வது பெரும்பாலும் இதனைத்தான். இதைப்பற்றி இங்கே விரித்துரைக்கப் போவதில்லை.

அடிமூட்டு அவ்வளவு எளிதில் விலகாது. விலகினால் சுட்டுவிரலிலேயே மிகுதியாக நேரும்; கட்டைவிரலிலும் சிறுவிரலிலும் நேர்வதுண்டு. விரிந்த கையை ஊன்றி விழும்போது விரல் பின்புறமாக மடிந்து, நார்த்தகடு உள்ளங்கை எலும்பிலிருந்து கிழிகிறது. இதில் இருவகை உண்டு. முதல்வகையில் விரல் ஏறக்குறையச் செங்கோணமாகப் புறங்கைப் பக்கம் நிமிர்ந்து நிற்கும். பார்ப்போர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு அது கோரமாகத் தோன்றும். ஆனால் மூட்டின் பரப்புகள் ஒன்றையொன்று இன்னும் தொட்டுக்கொண்டிருப்பதால், முறை தெரிந்தவர் கையில் அது எளிதாகச் சேர்ந்துவிடும். இரண்டாம் வகையிலோ விரல் சிறிதளவே பின்சாய்ந்து, பக்கத்து விரலை நோக்கிச் சற்றே ஒருக்களித்திருக்கும். பெரிதாக ஒன்றும் நேரவில்லை என்றே எவருக்கும் தோன்றும். உள்ளங்கையில் தோல் மட்டும் ஒரு சிறு குழியாகச் சுருங்கியிருக்கும். அந்தக் குழிதான் பேசும் சான்று. பார்வைக்கு எளியதாகத் தோன்றும் இவ்வகையே கொடியது.

உள்ளே நிகழ்ந்தது என்ன? கிழிந்த நார்த்தகடு இரு எலும்புகளுக்கும் நடுவே புகுந்து, கதவிடுக்கில் சிக்கிய துணிபோல் மூட்டை அடைத்துக்கொண்டது. அதே வேளையில் உள்ளங்கை எலும்பின் உருண்டைத் தலை, ஒருபுறம் விரலை மடக்கும் தசைநாண்களும் மறுபுறம் மெல்லிய ஒரு தசையுமாக அமைந்த இடுக்கில் நுழைந்துவிட்டது. குறுக்கே ஓடும் நார்கள் முன்னும் பின்னும் அந்த இடுக்கை அடைத்து நிற்கின்றன. சட்டைத் துளையில் பித்தான் மாட்டிக்கொள்வது போன்றது இது. நியூயார்க் நகரின் அறுவை மருத்துவரான எமானுவேல் கப்லன் 1957-இல் சுட்டுவிரலைப்பற்றி இதனைத் தெளிவாக விளக்கினார். அதற்கு முன்பே, 1876-இல், பிரான்சு நாட்டின் ஃபராபஃப் கட்டைவிரல் விலகலை ஆராய்ந்து எழுதியிருந்தார்.

கடற்கரை அன்பர்களுக்கு இதனைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. வலைக்கண்ணில் தலையை நுழைத்த மீனைப் பின்னால் இழுத்தால் என்ன ஆகும்? செவுளில் நூல் இறுகும். எவ்வளவு வலுவாக இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும். நூலைத் தளர்த்தி, தலையைச் சாய்த்துத்தான் எடுக்கவேண்டும். விரலை நேராக இழுக்கும்போது தசைநாண்கள் விறைத்து, எலும்பின் கழுத்தைச் சுருக்குப் போட்டதுபோல் பற்றிக்கொள்கின்றன. இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. முதல் வகை விலகலைக் கண்டு, கோரமாயிருக்கிறதே என்று அஞ்சி நேராக இழுப்பவர், வெளியே கிடந்த நார்த்தகட்டைத் தம் கையாலேயே மூட்டுக்குள் இழுத்துவிட்டு, எளிய முதல் வகையைக் கொடிய இரண்டாம் வகையாக மாற்றிவிடக்கூடும். விரல் நேரானதுபோல் தோன்றுவதைக் கண்டு எல்லாரும் மகிழ்கிறார்கள். நம் கடிதத்து இளைஞனுக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம்.

அப்படியானால் மருத்துவர் என்ன செய்வார்? முதலில் மரத்துப்போக ஊசி போடுவார். பின்பு மணிக்கட்டைச் சற்று மடக்கித் தசைநாண்களைத் தளர்த்துவார். விரலை இழுக்காமல், அதன் அடிப்பகுதியை உள்ளங்கை எலும்பின் மேலேயே சறுக்கவிட்டு முன்னோக்கித் தள்ளுவார். எலும்பும் எலும்பும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவாறு தள்ளுவதே இதன் நுட்பம். ஓரிரு முறை மென்மையாக முயன்றும் சேராவிடில் அத்தோடு நிறுத்திவிடுவார். நல்ல மருத்துவரை அடையாளம் காட்டுவது அந்த நிறுத்தமே என்று நாம் கருதுகிறோம். மேன்மேலும் முயல்வதால் மூட்டுப் பரப்பின் மெல்லெலும்பு சிதையும்.

அதன்பின் அறுவைதான் வழி. உள்ளங்கைப் பக்கமாகவும் திறக்கலாம், புறங்கைப் பக்கமாகவும் திறக்கலாம். இவற்றுள் எது சிறந்தது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உள்ளங்கைப் பக்கம் திறந்தால் சிக்கியவற்றையெல்லாம் கண்ணாரக் காணலாம். ஆனால் விரலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு, புடைத்த எலும்பினால் உந்தப்பட்டுத் தோலுக்கு மிக நெருக்கமாக வந்து நிற்கும். கத்தி சிறிது ஆழமாகப் பாய்ந்தாலும் அது அறுபடும். புறங்கைப் பக்கம் திறந்தால் அந்த ஆபத்து குறைவு. நார்த்தகட்டை நீளவாட்டில் கீறி, எலும்பின் தலையை அதனூடே உள்ளே தள்ளிவிடலாம். மூட்டு சேர்ந்தபின் பெரும்பாலும் உறுதியாகவே நிற்கும். எனவே விரல் பின்புறம் வளையாதபடி ஒரு சிம்பு வைத்து, சில நாட்களிலேயே மடக்கிப் பழகச் செய்வார்கள்.

வாரங்கள் பல கழிந்தால் நிலைமை வேறு. பக்கத்து நார்கள் சுருங்கிவிடும், மூட்டின் இடைவெளியில் தழும்புச் சதை வளர்ந்துவிடும். மூன்று வாரத்திற்குப் பின் திறக்காமல் சேர்ப்பது பொதுவாக இயலாது. திறந்தாலும் சில வேளைகளில் இருபக்கமும் திறக்கவேண்டிவரும். காலந்தாழ்த்தலாகாது என்று அம்மையாருக்கு அழுத்தமாக எழுதியது இதனால்தான்.

இனி நடுக்கணுவில் நேரும் ஓர் அரிய வகையைக் காண்போம். வழக்கமாக மேல் எலும்பு புறங்கைப் பக்கம் ஏறும் என்றோம். அரிதாக அது உள்ளங்கைப் பக்கமாக இறங்கிவிடும். துணி துவைக்கும் அல்லது உலர்த்தும் இயந்திரம் நிற்பதற்குள் கையை விட்டவர்களுக்கு, விரல் முறுக்கப்படுவதால், இவ்வகை விலகல் நேர்வதுண்டு. இழுத்துவிட்டால் சில வேளைகளில் இது சேர்ந்துவிடும். வலியும் குறையும். ஆனால் இவ்வகையில் விரலை நிமிர்த்தும் தசைநாணின் நடுப்பட்டை பெரும்பாலும் அறுந்திருக்கும். அது முதல் நாளில் தெரியாது. பக்கப்பட்டைகளின் துணையால் விரல் ஓரளவு நிமிரவே செய்யும். இரண்டு மூன்று வாரத்தில் அப்பட்டைகள் இருபுறமும் சரிந்து இறங்க, நடுக்கணு அவற்றுக்கிடையே மேலெழும்பிப் புடைத்துக்கொள்ளும். நடுக்கணு மடிந்தும் நுனிக்கணு பின்வளைந்தும் நிற்கும் இக்கோணலைப் பிரெஞ்சுச் சொல்லால் ‘பூத்தோனியேர்’ என்பார்கள். அதன் பொருளும் பித்தான்துளை என்பதே. அடிமூட்டில் கண்ட அதே உவமை இங்கும் வந்து நிற்பது வியப்புத்தான்.

அறுந்திருக்கிறதா என்று முதலிலேயே அறிய எளிய சோதனை ஒன்றை எல்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1986-இல் வெளியிட்டார். நடுக்கணுவை மேசை விளிம்பில் செங்கோணமாக மடக்கி வைத்து, மருத்துவர் அதனை மேலிருந்து அழுத்திக்கொள்ள, நோயாளியை விரலை நிமிர்த்த முயலச் சொல்லவேண்டும். நடுப்பட்டை நலமாயிருந்தால் நடுக்கணுவில் அந்த உந்துதல் தெரியும்; நுனிக்கணு தளர்ந்தே இருக்கும். அறுந்திருந்தால் நடுக்கணுவில் உந்துதல் இராது. நுனிக்கணு மட்டும் விறைத்துக்கொள்ளும். கருவி வேண்டாம், செலவு வேண்டாம். ஆனால் வீட்டில் செய்து பார்க்கவேண்டாம். மருத்துவரிடம் சென்றபோது இதனைச் செய்தார்களா என்று கேட்டறிந்துகொள்ளலாம்.

வழக்கமான வகையில், சேர்த்தபின் விரலைச் சற்று மடங்கிய நிலையில் வைத்து விரைவில் அசைக்கத் தொடங்கவேண்டும். பல வாரம் நீட்டிக் கட்டி வைத்தால் அது விறைத்துப்போகும். அரிய வகையிலோ நடுக்கணுவை முற்றிலும் நேராக நீட்டி, ஏறக்குறைய ஆறு வாரம் சிம்பிலேயே வைத்திருக்கவேண்டும். நுனிக்கணுவை மட்டும் மடக்கி நிமிர்த்திக்கொண்டிருக்கவேண்டும். ஒரே கணு, ஒரே வீக்கம். ஆனால் செய்யவேண்டியவை நேர் எதிரானவை. எலும்பு எந்தப் பக்கம் ஏறியிருந்தது என்பது இழுத்துவிட்ட பிறகு எக்ஸ்ரேயிலும் தெரியாது. ஆகவே முதலில் கண்டவர் அதனை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இக்காலத்தில் பலர் கையிலும் கைபேசி இருக்கிறதே! விளையாட்டில் வென்ற கோப்பையைப் படம் எடுப்பவர்கள், பிசகிய விரலைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துவைத்தால் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

விரல்களை விட்டு உள்ளங்கைக்கு இறங்குவோம். உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டு எலும்புகளோடு சேரும் இடத்தில் விலகல் நேர்வது மிக அரிது. கையில் நேரும் காயங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பார்கள். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றியிருக்கும்போது மோதினாலோ, சினத்தில் சுவரைக் குத்தினாலோ, மோதிரவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் எலும்புகள் புறங்கைப் பக்கமாக ஏறிக்கொள்ளும். முஷ்டியை மடக்கும்போது அவ்விரு மொளிகளும் தாழ்ந்து காணப்படலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் வீக்கம் எல்லாவற்றையும் மூடிவிடும். கையை நேராக வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், கண்டறியாமலே போய்விடுவதுண்டு. சரியான பக்கவாட்டுப் படமும், கையைச் சற்றே திருப்பி எடுத்த படமும் தேவை. ஐயமிருந்தால் சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டிவிடும். இதனைச் சேர்ப்பது கடினமன்று, சேர்ந்தபடி நிறுத்துவதே கடினம். அதனால் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி ஏறக்குறைய ஆறு வாரம் நிறுத்திவைப்பார்கள்.

மணிக்கட்டின் நடுவே பிறைநிலவின் வடிவில் ஓர் எலும்பு உண்டு. தென்னை, பனை மரங்களிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ கையை ஊன்றி விழுபவர்களுக்கு, அதனைச் சூழ்ந்த எலும்புகளெல்லாம் பின்னே நழுவிவிடும். சில வேளைகளில் அந்தப் பிறை எலும்பே முன்பக்கம் கவிழ்ந்துவிடும். பக்கவாட்டுப் படத்தில் அது சாய்ந்து கொட்டிய தேநீர்க் கோப்பைபோல் தெரியும். ஹெர்ஸ்பெர்க் என்ற பிரெஞ்சு மருத்துவரும் தோழர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய 166 காயங்களுள் நான்கில் ஒரு பங்கு முதலில் கண்டறியப்படாமல் விடப்பட்டிருந்தது. அவை பல மருத்துவமனைகளில் எக்ஸ்ரே வசதியோடு பார்க்கப்பட்டவை என்பதைக் கருதவேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவருக்கு மணிக்கட்டு வீங்கி, கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போனால், நரம்பு நசுங்குகிறது என்று பொருள். அதனைச் சுளுக்கு என்று எவர் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளவேண்டாம். அன்றைய தினமே பெரிய மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

அம்மையாரின் மகனுக்குச் சுளுக்கு என்று சொன்ன மருத்துவமனையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. முறிவைத் தேடும் கண்ணுக்கு விலகல் தப்பிவிடுவது இயல்பு. ஆனால் குடும்பத்தார் பணிவோடு ஒரு கேள்வி கேட்கலாம்: “ஐயா, இந்த விரலை மட்டும் தனியாகப் பக்கவாட்டில் படம் எடுத்தீர்களா?” மற்ற விரல்கள் மறைக்காதபடி எடுத்த அந்த ஒரு படம் பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும். அடிமூட்டில் இடைவெளி மிகுந்திருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். சிலருக்கு நார்த்தகட்டினுள் எள் போன்ற ஒரு சிற்றெலும்பு இருக்கும். மேல்நாட்டார் அதற்கு இட்ட பெயரும் எள்ளிலிருந்து பிறந்ததே. அந்த எள் மூட்டின் இடைவெளிக்குள் தெரிந்தால், தகடு உள்ளே சிக்கியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. விரலைச் சேர்த்த பிறகும் ஒருமுறை படம் எடுத்துப் பார்ப்பது கட்டாயம்.

குழந்தைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் ஓரத்தில் வளர்ச்சித் தட்டு உண்டு. விலகல்போல் தோன்றுவது அத்தட்டின் முறிவாக இருக்கலாம். எனவே படம் எடுக்காமல் பிள்ளையின் விரலை எவரும் இழுக்கக்கூடாது.

நம் ஊர்களில் எலும்பு கட்டும் வைத்தியர்கள் பலர் கைராசி உடையவர்கள் என்பதை மறுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் விலகலை அவர்கள் திறமையோடு சேர்ப்பதுண்டு. ஆனால் மூட்டுக்குள் தகடு சிக்கியிருப்பதை எந்தக் கைராசியும் அறிய இயலாது. வீங்கிய மூட்டை எண்ணெய் போட்டு உருவுவது உள்ளே கசிவை மிகுவிக்கும். இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்படும். படம் எடுத்துப் பார்ப்பதற்குமுன் இவற்றைச் செய்யலாகாது.

விபத்து நேர்ந்தவுடன் செய்யவேண்டியது மிகச் சிறிதே. விரல் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே ஓர் அட்டையை அடியில் வைத்துத் தளர்வாகக் கட்டி, கையை மார்புக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிச் சிறிது நேரம் வைக்கலாம். மயக்க மருந்து தேவைப்படலாமாதலால் வழியில் சோறு, பலகாரம் கொடுக்கவேண்டாம். விரல்நுனி வெளுத்தோ நீலம் பாய்ந்தோ குளிர்ந்திருந்தாலும், தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலும், ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

மோதிரத்தை முதலிலேயே கழற்றிவிடவேண்டும். இங்கே நம் குடும்பங்களில் ஒரு தயக்கம் தோன்றுவதை அறிவோம். பீடத்தின்முன் அணிவித்த மணமோதிரத்தைக் கழற்ற மனம் வருவதில்லை. வில்லெம் ரொன்ட்கன் 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 22-இல் தம் மனைவியின் கையைப் படம்பிடித்தபோது எலும்புகளோடு மோதிரமும் அதில் விழுந்தது. உலகப் புகழ்பெற்ற முதல் எக்ஸ்ரே படங்களுள் அதுவும் ஒன்று. அந்த அம்மையாரின் விரல் வீங்கியிருக்கவில்லை. வீங்கும் விரலில் மோதிரம் இருந்தால் அது தூக்குக் கயிறாகிவிடும். சோப்பு நீரைத் தடவிக் கழற்றலாம். வராவிட்டால் மருத்துவமனையில் வெட்டி எடுப்பார்கள். தட்டார் அதனை ஒட்டித் தந்துவிடுவார். திருமண அருட்சாதனத்திற்கு அதனால் ஒரு குறையும் வராது.

மூட்டைச் சேர்த்தபின் தொடங்கும் வேலையைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். கொல்லிமலையில் 1914-இல் மறைபரப்பாளரின் மகனாகப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதி தொட்டுத் தொழுநோயாளரின் மடங்கிய கைகளுக்கு அறுவை செய்து உலகின் கவனத்தை ஈர்த்தார். தசைநாணை இடம் மாற்றித் தைத்தபின், அதனைப் புது வேலைக்குப் பழக்கப் பயிற்சி கொடுக்காவிட்டால் அறுவையால் பயனில்லை. மூட்டு விலகலுக்கும் அதுவே பொருந்தும். சிம்பு எத்தனை நாள், அதனுள்ளேயே எந்தக் கணுவை அசைக்கலாம், எதனை அசைக்கக்கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளவேண்டும். கட்டப்படாத விரல்களையும் முழங்கையையும் தோளையும் முதல் நாள் தொட்டே அசைத்துவரவேண்டும். அனுமதி கிடைத்தபின், வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, பிறர் உதவியின்றித் தானே விரலை மெல்ல மடக்கி நிமிர்த்தவேண்டும். உறவினர் அன்பு மிகுதியால் விரலைப் பிடித்து வளைத்துவிடும் வழக்கம் தீமையே தரும். வீக்கம் சில மாதங்கள் நீடிக்கும், கணு முன்னைவிடச் சற்றுப் பருத்தே நின்றுவிடவும் கூடும். அதற்காக அஞ்சவேண்டாம். கம்பி செலுத்தியிருப்போர் அந்த இடத்தை ஈரம் படாமல் காத்து, சிவந்தாலோ சீழ் கசிந்தாலோ குறித்த நாளுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

முழங்கை விலகலைப்பற்றி இரு அன்பர்கள் கேட்டிருக்கிறார்கள். இடமின்மையால் அதனை அடுத்த திங்கள் எடுத்துக்கொள்வோம்.